பழைய வேன் ஏசி: பெயரை விடுங்கள், அளவைப் பிடியுங்கள்

பழைய வேலை வேன் ஒன்றைச் சீர்செய்ய இறங்கினால் இன்ஜினுக்கும் பிரேக்குக்கும் எப்படியாவது வழி கிடைத்துவிடும். ஏசிக்கு வரும்போதுதான் "இந்த மாடலுக்கு இப்போ சாமான் வர்றதில்லை" என்ற பதில் வரும். அதைக் கேட்டு மனம் தளர வேண்டாம். அந்த அமைப்பில் வண்டியின் உடம்போடு பொருந்திப் பிறந்த பாகம் மிகக் குறைவு, மற்றதெல்லாம் அளவு பார்த்து வாங்கக்கூடியவை. எது எந்த வகை என்று தெரிய, உள்ளே நடப்பது புரிந்தால் போதும்.

ஏசி குளிரை உண்டாக்குவதில்லை, வேனுக்குள் இருக்கும் வெப்பத்தை அள்ளி வெளியே கொட்டுகிறது. கம்ப்ரசர் கேஸை அழுத்தும்போது அது நன்றாகச் சூடேறுகிறது, முன்பக்கக் கண்டென்சரில் காற்று பட்டு அந்தச் சூட்டை இழந்து திரவமாகிறது. அப்புறம் ஈரத்தை உறிஞ்சும் ட்ரையர் வழியாக எக்ஸ்பான்ஷன் வால்வின் நுண்ணிய துளைக்கு வந்து, அதைத் தாண்டியதும் அழுத்தம் சட்டென்று விழ, டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் கொதித்து மறுபடி கேஸாகிறது. கொதிக்க வெப்பம் வேண்டுமே, அதை உள்ளே இருக்கும் காற்றிலிருந்துதான் எடுக்கிறது: ஆர்-134ஏ என்ற கேஸ் சுழி டிகிரியில் ஒரு கிலோ கொதித்தால் ஏறக்குறைய 200 கிலோஜூல் வெப்பத்தை இழுத்துக்கொள்ளும்.

உண்மையிலேயே தேடி அலைய வேண்டிய பாகம் இந்தக் கூலிங் காயில்தான், ஏனென்றால் அது உட்காரும் பெட்டி அந்த வேனுக்கென்றே வடிவமைத்தது. ஆகவே பழையதைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். கழற்றி, தூசியும் இலையும் அடைத்த தகடுகளை மெதுவாகக் கழுவி, நைட்ரஜன் ஏற்றி, சோப்பு நீர் தடவிப் பாருங்கள். குமிழி வராவிட்டால் உங்கள் வேலையில் பாதி முடிந்தது. பின்பக்கமும் ஏசி உள்ள நீளமான வேன் என்றால் தரைக்கு அடியில் ஓடும் அலுமினியக் குழாய்களையும் பாருங்கள், கிளாம்ப் பிடித்திருக்கும் இடத்தில் ஈரம் தங்கி அங்கேதான் முதலில் அரிக்கும்.

கம்ப்ரசர் கதை வேறு. ஒரே வகைக் கம்ப்ரசரை டிராக்டர், லாரி, வேன் என்று பலவற்றிலும் பூட்டியிருக்கிறார்கள். சாண்டென் நிறுவனத்தின் 508 கம்ப்ரசர் என்றால் 5 பிஸ்டன், சுற்றுக்குச் சுமார் 8 கன அங்குலம், அவ்வளவுதான் பெயரின் பொருள். பழையதை மேசையில் வைத்து அளவெடுங்கள்: போல்ட் காதுகளுக்கு இடையிலான தூரம், புல்லியின் விட்டம், அதில் எத்தனை பள்ளம், ஹோஸ் வாய் மேலே பார்க்கிறதா பின்னால் பார்க்கிறதா, கம்ப்ரசரைப் புல்லியோடு இணைத்து விடுவிக்கும் மின் கிளட்ச் 12 வோல்ட்டா 24 வோல்ட்டா. புல்லி சில மில்லிமீட்டர் தள்ளி நின்றாலும் பெல்ட் விளிம்பு தேய்ந்து பிய்ந்துவிடும், அதனால் புல்லிகள் ஒரே நேர்கோட்டில் நிற்கின்றனவா என்று கூடுதல் கவனத்தோடு பாருங்கள்.

1990-களின் முற்பகுதிக்கு முந்தைய வேன் என்றால் அதில் ஆர்-12 இருந்திருக்கும். ஓசோனை அரிக்கிறது என்று 1987 மாண்ட்ரியல் உடன்படிக்கை வழியாக ஒதுக்கப்பட்ட கேஸ் அது. மிச்சம் இருந்தால் காற்றில் விடாமல் மீட்பு இயந்திரத்தால் எடுக்கச் சொல்லுங்கள். ஆர்-134ஏ-வுக்கு மாறும்போது பலரும் கேஸை மட்டும் மாற்றுகிறார்கள், கம்ப்ரசருக்கு வழுக்கல் தரும் எண்ணெயை மறந்துவிடுகிறார்கள். பழைய கனிம எண்ணெய் ஆர்-134ஏ-வில் கரையாது, கேஸோடு சுற்றி வராமல் காயிலிலேயே தேங்கிவிடும், கம்ப்ரசர் வறண்டுபோய் இறுகும். அதனால் பழைய எண்ணெயை வடித்துவிட்டு எஸ்டர் எண்ணெய் ஊற்றுவது வழக்கம். வடித்ததை விரலில் தேய்த்துப் பாருங்கள், வெள்ளிப் பொடிபோல மினுமினுத்தால் உள்ளே உலோகம் தேய்ந்திருக்கிறது, அந்தக் கம்ப்ரசர் வேண்டாம். அந்தப் பொடி கண்டென்சருக்கும் போயிருக்கும், அதையும் மாற்றிவிடுங்கள்.

கண்டென்சரை நீள அகலம் பார்த்துப் பொதுவான ஒன்றாக வாங்கலாம். வெயிலில் ஆர்-134ஏ-வின் அழுத்தம் ஆர்-12-ஐவிட அதிகமாக ஏறும் என்பதால் மெல்லிய தட்டைக் குழாய்கள் கொண்ட புதுவகையே நல்லது, அது வெப்பத்தை வேகமாக விடும். ஹோஸில் உள்ளடுக்குத் தடுப்பு உள்ளதை வாங்குங்கள், ஏனென்றால் ஆர்-134ஏ மூலக்கூறு சிறியது, பழைய ரப்பர் வழியே கசியும்.

ட்ரையரும், குழாய் இணைப்புகளில் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையங்களான ஓ-ரிங்குகளும் மட்டும் பழையது கூடவே கூடாது. ட்ரையருக்குள் ஈரம் உறிஞ்சும் மணிகள் இருக்கின்றன. திறந்த வாயோடு கிடந்த ட்ரையர் காற்றின் ஈரத்தைக் குடித்து நிரம்பியிருக்கும், உள்ளே போன ஈரம் வால்வில் பனியாய் உறைந்து வழியடைக்கும், கேஸோடும் எண்ணெயோடும் சேர்ந்து அமிலமாகி உலோகத்தைத் தின்னும். ஆகவே புது ட்ரையரின் மூடியைக் கடைசியில்தான் கழற்ற வேண்டும். எல்லாம் பூட்டியபின் வாக்குவம் பம்பை அரை மணி நேரமாவது ஓட்டுங்கள், அந்தத் தாழ்ந்த அழுத்தத்தில் மிச்ச ஈரம் அறை வெப்பத்திலேயே கொதித்து வெளியேறும். பம்பை நிறுத்திவிட்டு மீட்டர் முள்ளைக் கொஞ்ச நேரம் பாருங்கள். முள் அசையாமல் நின்றால் கேஸ் ஏற்றலாம், வேன் தயாரித்தவர்கள் ஆர்-12-க்குச் சொன்ன எடையில் 80 முதல் 90 சதவீதம் போதும்.