"கேஸ் போட்டுருவாங்களா, டாக்டர்?"

சித்திரை வெயிலில் முழுக்கைச் சட்டை அணிந்து, மணிக்கட்டுப் பொத்தானையும் போட்டுக்கொண்டு வரும் இளைஞரைப் பார்த்தாலே, போதை மீட்புச் சிகிச்சையில் பல ஆண்டுகள் இருந்தவர்களுக்கு விஷயம் பாதி விளங்கிவிடும். அப்படி ஒருவரை அவருடைய தாயார் அழைத்து வந்தார். மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது, அடுக்கடுக்காகக் கொட்டாவி வந்தது, மயிர்க்கூச்செறிந்து தோல் சொரசொரத்திருந்தது. "கை கால் குடைச்சல் தாங்க முடியல சார்" என்றார் அந்த இளைஞர். சட்டைக் கையை மடித்தபோது முழங்கை மடிப்பில் இரத்தக் குழாய் கயிறுபோல் தடித்திருந்தது, பக்கத்திலேயே ஒரு சீழ்க்கட்டி. வலி நிவாரணி மாத்திரையைப் பொடித்து, தண்ணீரில் கரைத்து, ஊசியில் ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறார். மாத்திரையோடு சேர்க்கப்படும் மாவுப்பொருள்கள் வயிற்றுக்குள் போகலாம், இரத்தக் குழாய்க்குள் போகக் கூடாது. எட்டு மாதப் பழக்கம். தாயாருக்குத் தெரிந்தே ஐந்து மாதமாகிவிட்டது. ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்டேன். "ஆஸ்பத்திரிக்கு வந்தா போலீஸ்ல சொல்லி கேஸ் போட்டுருவாங்களா, டாக்டர்?" என்று திருப்பிக் கேட்டார்.

போதைப்பொருள்களைச் சட்டபூர்வமாக்கலாமா, தடையே தொடரட்டுமா என்ற விவாதம் எழும்போதெல்லாம் அந்தத் தாயின் ஐந்து மாதங்கள்தான் என் நினைவுக்கு வருகின்றன.

கடை திறந்து விற்கலாம் என்ற வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. அதற்கான காரணம் என் வார்டிலேயே இருக்கிறது. அங்குள்ள படுக்கைகளில் பெரும்பாலானவற்றில் இருப்பவர்கள் மது நோயாளிகள். 2019-இல் வெளியான எய்ம்ஸ் ஆய்வின்படி இந்தியாவில் மது அருந்துவோர் ஏறத்தாழ 16 கோடிப் பேர். கஞ்சா இலையை அரைத்துச் செய்யும் பாங்கு உட்பட கஞ்சா வகைகளைப் பயன்படுத்துவோர் சுமார் 3 கோடியே 10 லட்சம் பேர். ஒரு பொருள் தெருமுனையில், பயமின்றி, கைக்கெட்டும் விலையில் கிடைக்கும்போது அதைத் தொடுவோர் பெருகுவார்கள் என்பதை நாம் மதுவில் கண்டுவிட்டோம். அரசுக் கடை வந்தால் கள்ளச் சந்தை தானாக ஒழிந்துவிடும் என்பதும் சரியில்லை. டாஸ்மாக் கடைகள் திறந்திருந்த அதே தமிழ்நாட்டில்தான் 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்துக்கு 60-க்கும் மேற்பட்டோர் பலியானார்கள். கடைச் சரக்கின் விலை கட்டுப்படியாகாத கூலித் தொழிலாளி மலிவான பாக்கெட்டைத்தான் தேடிப் போகிறார்.

ஆனால் தடை மட்டுமே போதும் என்போரிடமும் சொல்ல வேண்டியது உண்டு. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் 27-ஆம் பிரிவின்படி, விற்காமல் வெறுமனே பயன்படுத்துவதே குற்றம்: ஹெராயின், கொகைன் போன்றவற்றுக்கு ஓராண்டு வரையும், கஞ்சா உள்ளிட்ட மற்றவற்றுக்கு ஆறு மாதம் வரையும் சிறை விதிக்கலாம். 2018-இல் டிராமடால் என்ற வலி நிவாரணி மாத்திரை இச்சட்டத்தின் கீழ் கொண்டுவரப்பட்டது. அது தேவையான நடவடிக்கைதான். அதற்குப் பிறகு என்னிடம் வருவோர் டபென்டடால் என்ற இன்னொரு வலி நிவாரணியின் பெயரைச் சொல்லத் தொடங்கினார்கள். கதவு ஒன்று சாத்தப்பட்டதும் உடலின் தவிப்பு அடுத்த கதவைத் தட்டியது, அவ்வளவுதான். சிறைக்குப் போய் வருபவர்களைப் பற்றிய கவலை இதைவிடப் பெரிது. சில மாதங்கள் ஹெராயின் இல்லாமல் இருந்த உடல், பழைய அளவைத் தாங்கும் சக்தியை இழந்திருக்கும். வெளியே வந்ததும் "எப்பவும் போடுற அளவுதானே" என்று ஏற்றினால் மூச்சு நின்றுவிடும். விடுதலையான முதல் சில வாரங்கள்தான் இவர்களுக்கு மிக ஆபத்தான காலம் என்பதை வீட்டில் இருப்பவர்களுக்கு யாரும் சொல்வதில்லை.

போர்ச்சுகல் 2001-இல் வேறு வழியில் சென்றது. பத்து நாள் சொந்தப் பயன்பாட்டுக்கு மேற்படாத அளவு வைத்திருப்பது அங்கு தடைசெய்யப்பட்டதாகவே நீடிக்கிறது. ஆனால் பிடிபட்டவர் குற்றவியல் நீதிமன்றத்துக்குப் பதிலாக, சட்டம், மருத்துவம், சமூகப்பணி போன்ற துறைகளைச் சேர்ந்தவர்கள் உள்ள குழுவின் முன் நிறுத்தப்படுகிறார். விற்பவருக்குச் சிறை மாறவில்லை. கூடவே சிகிச்சை வசதிகளும் விரிவாக்கப்பட்டதால், ஊசி போடுவோரிடையே புதிய எச்.ஐ.வி. தொற்று வெகுவாகக் குறைந்தது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலமும் 2021-இல் தண்டனையை நீக்கி, 100 டாலர் அபராதம் அல்லது உதவி எண்ணுக்கு ஓர் அழைப்பு என்று வைத்தது. அழைத்தவர்கள் மிகச் சிலரே. சிகிச்சை இடங்களுக்கான பணமும் தாமதமாகவே வந்தது. 2024 செப்டம்பரில் மாநிலம் மீண்டும் தண்டனைக்கே திரும்பியது. தண்டனையை எடுத்துவிட்டு அந்த இடத்தை வெறுமையாக விடக் கூடாது என்பதை ஓரிகன் நமக்குக் காட்டியிருக்கிறது.

நம் சட்டத்திலும் போர்ச்சுகலின் சாயல் கொண்ட சிறு வாசல் ஒன்று இருக்கிறது; 64ஏ பிரிவு. போதைக்கு அடிமையான ஒருவர், பயன்படுத்திய குற்றத்துக்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் சிக்கியிருந்தாலும், தாமே முன்வந்து அரசு அல்லது அரசு அங்கீகரித்த மருத்துவமனையில் சிகிச்சை பெற்றால் அவ்வழக்கிலிருந்து விலக்கு உண்டு. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்த விலக்கு பறிபோகலாம். கஞ்சாவில் சிறிய அளவு என்பது ஒரு கிலோ வரை, ஹெராயினில் 5 கிராம் வரை. இதை அறிந்த குடும்பத்தை நான் இதுவரை சந்தித்ததில்லை என்பது என் ஆதங்கம். காவல் நிலையச் சுவரிலும் கல்லூரி அறிவிப்புப் பலகையிலும் தண்டனை விவரத்துக்குப் பக்கத்திலேயே இதையும் எழுதி வைக்க வேண்டும்.

அந்தத் தாயாரிடம் நான் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன். சிகிச்சைக்கு வருபவர் சொல்வது இரகசியம். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் போதையால் வரும் மனநோய்களையும் உள்ளடக்கியது, அதன் இரகசியக் காப்பு உரிமை உங்கள் மகனுக்கும் உண்டு. கை கால் குடைச்சலுக்குப் பயந்து அவர் மறுபடி ஊசியைத் தேட வேண்டியதில்லை. போதையை நிறுத்தும்போது வரும் அந்தக் குடைச்சலைத் தணிக்க, நாக்குக்கு அடியில் வைக்கும் ப்யூப்ரினார்பின் என்ற மாத்திரை மருத்துவர் கண்காணிப்பில் கிடைக்கிறது. எங்கே போவது என்று தெரியாதவர்கள் 14446 என்ற இலவச எண்ணை அழைக்கலாம். ஏற்கெனவே வழக்குப் பதிவாகியிருந்தால், பிடிபட்ட அளவு எவ்வளவு என்று ஆவணத்தில் பார்த்துக்கொண்டு, வழக்கறிஞரிடம் முதல் சந்திப்பிலேயே 64ஏ பற்றிக் கேளுங்கள்.