'ரீடர்' வாசகர் அல்லர்

"1920-இல் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆங்கில மொழி வாசகராகச் சேர்ந்தார்." 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' எழுதிய டோல்கினின் வாழ்க்கைக் குறிப்பு ஒன்றை மெய்ப்புப் பார்க்கும்போது இந்த வரியில் பேனா நின்றுவிட்டது. இந்த ஆண்டில் இதே பிழையைப் பார்ப்பது மூன்றாவது முறை. வாசிப்பதற்குச் சம்பளம் கொடுக்கும் ஊர் உண்டென்றால் நானும் மூட்டை கட்டிவிடுவேன்.

ஆங்கிலத்தில் அது 'ரீடர்'. ரீடர் என்பது பல்கலைக்கழகப் பதவி. பிரிட்டனில் விரிவுரையாளருக்கு மேலே, பேராசிரியருக்கு ஒரு படி கீழே. 'ரீட்' என்ற வினை பழைய ஆங்கிலத்தில் அறிவுரை சொல்வதையும் புதிர் அவிழ்ப்பதையும் குறித்தது. புதிரைக் குறிக்கும் 'ரிடில்' அதே வேரில் பிறந்தது. கையெழுத்துப் பிரதிகள் அரிதாக இருந்த காலத்தில் ஆசிரியர் நூலை உரக்கப் படித்து விளக்குவார், அதுதான் பாடம். 'லெக்சர்' என்பதன் லத்தீன் மூலமும் வாசிப்புதான். ஆனால் லெக்சரரை யாரும் வாசகர் என்று எழுதுவதில்லை.

வாசகருக்காக வாதாடும் நண்பர் ஒருவர் இருக்கிறார். வடமொழியில் 'வாசகர்' சொல்பவரைத்தான் குறிக்கும், மாணிக்கவாசகர் வார இதழ் வாங்கிப் படித்தவரா என்று கேட்கிறார். கெட்டிக்கார வாதம், பயனில்லை. வாசகர் கடிதம், வாசகர் வட்டம் என்று நூறாண்டாகப் புழங்கிய சொல்லைப் பார்த்ததும் யாருக்கு மாணிக்கவாசகர் நினைவுக்கு வருவார்? 'ஓதுநர்' என்று இன்னொருவர் எழுதினார். ஓதுவித்தல் கற்பித்தல்தான், வேர்ப்பொருளும் பொருந்துகிறது. ஆனால் லீட்ஸில் டோல்கின் தேவாரம் பாடியதாக அல்லவா தோன்றும்?

இவற்றைவிட எனக்கு எரிச்சல் தருவது 'இணைப் பேராசிரியர்'. பிழையென்று கண்ணில் படாத பிழை அது. 2010-இல் பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிமுறைகள் வந்தபின் நம் கல்லூரிகளில் உதவி, இணை என்று எல்லாரும் ஏதோ ஒரு வகையில் பேராசிரியர்கள். அன்றைய பிரிட்டன் அப்படி வாரி வழங்கவில்லை. டோல்கினின் நண்பரான எழுத்தாளர் சி. எஸ். லூயிஸ் ஆக்ஸ்ஃபோர்டில் 1925 முதல் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பாடம் நடத்தினார். அங்கே கடைசிவரை பேராசிரியர் ஆகவில்லை. 1954-இல் அந்தப் பதவியைக் கொடுத்தது கேம்பிரிட்ஜ். டோல்கினோ 1924-இல், 32 வயதில், லீட்ஸிலேயே பேராசிரியரானார். அடுத்த ஆண்டே ஆக்ஸ்ஃபோர்டில் ஆங்கிலோ-சாக்சன் பேராசிரியர். 1920-லேயே அவருக்கு 'இணைப் பேராசிரியர்' பட்டத்தைச் சூட்டிவிட்டால் 1924-இன் உயர்வு வெறும் முன்னொட்டை உதிர்த்த கதையாகிவிடும்.

என் கை 'ரீடர்' என்றே எழுதும். ஒரு காலத்தில் நம் கல்லூரி ஆசிரியர் அறைகளிலும் அந்தப் பெயர்தான் புழங்கியது. தமிழ்ச் சொல்லே வேண்டுமென்றால் 'உயர்நிலை விரிவுரையாளர்' போதும். அழகில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் விரிவுரையாளருக்கு மேலே, பேராசிரியர் அல்லர் என்ற இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறது.

அதே குறிப்பின் அடுத்த பக்கத்தில் 1945-இல் டோல்கின் 'மெர்ட்டன் தலைவர்' ஆகியிருந்தார். ஆங்கிலத்தில் 'சேர்' (chair) என்று இருந்திருக்க வேண்டும். ஹார்வர்டு தமிழ் இருக்கைக்கு நிதி திரட்டியபோது ஊரெல்லாம் பழகிய 'இருக்கை' குறிப்பை எழுதியவருக்கு மட்டும் எப்படித் தெரியாமல் போனது? ஆக்ஸ்ஃபோர்டின் மெர்ட்டன் கல்லூரி பெயரிலான பேராசிரியர் இருக்கை அது. 1959-இல் ஓய்வு பெறும்வரை டோல்கின் அதில் இருந்தார்.

இத்தனைக்கும் லீட்ஸுக்குப் போகுமுன் அவர் பார்த்த வேலை ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியில். 'டபிள்யூ' எழுத்தில் தொடங்கும் சொற்களைக் கொடுத்திருந்தார்கள். 'வால்ரஸ்' என்ற ஒரு சொல் எங்கிருந்து வந்தது என்று திரும்பத் திரும்ப எழுதிப் பார்த்தவர் அவர்.

மெய்ப்பில் 'வாசகர்' என்பதை அடித்து 'ரீடர்' என்று எழுதி அனுப்பினேன். அச்சில் 'படிப்பாளர்' என்று வந்திருக்கிறது.