ஓடாத ஓநாய் ஓடுவது எப்படி?

சோவியத் யூனியனில் 1969இல் தொடங்கிய ‘நூ, பகதி!’ கார்ட்டூன் தொடரில் கதை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. ஓநாய் முயலைத் துரத்தும், முயல் தப்பிவிடும், அடிபட்ட ஓநாய் ‘நூ, பகதி!’, அதாவது ‘இரு, உன்னைக் கவனித்துக்கொள்கிறேன்!’ என்று கறுவும். மாஸ்கோவின் சோயூஸ்முல்த்ஃபில்ம் நிறுவனத்துக்காக வியாச்செஸ்லாவ் கோத்யோனச்கின் இதை இயக்கினார். ஃபிலிம் சுருளைப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், ஓநாய் எங்குமே ஓடவில்லை. ஒவ்வொரு பிரேமிலும் சிலையாக நிற்கிறது.

ஓட்டம் நடப்பது நம் மூளையில். சற்றே இடம் மாறிய இரு படங்களை அடுத்தடுத்து வேகமாகக் காட்டினால், ஒரே பொருள்தான் நகர்ந்தது என்று மூளை முடிவுகட்டிவிடுகிறது. உளவியலாளர் மாக்ஸ் வெர்த்தைமர் 1912இல் இதைப் பற்றி விரிவாக எழுதினார். பழைய படம் விழித்திரையில் சற்று நேரம் தங்கிவிடுவதே காரணம் என்று இன்றும் பலர் சொல்கிறார்கள். அது மட்டும் போதாது. அப்படித் தங்கினால் இரு ஓநாய்களும் ஒன்றன்மேல் ஒன்றாகக் குழம்பித்தான் தெரியும்.

திரைப்படத்தில் ஒரு நொடிக்கு 24 பிரேம்கள். பத்து நிமிடப் படத்துக்கு 14,400. கார்ட்டூன்காரர்கள் பெரும்பாலும் ஒரே படத்தை இரண்டு பிரேம்களுக்கு வைத்துவிடுவார்கள். கண் அதைக் கண்டுகொள்வதில்லை. வேலை பாதியாகிறது. முக்கியமான நிலைகளை மூத்த ஓவியர் வரைய, இடைப்பட்ட படங்களை உதவியாளர்கள் நிரப்புவார்கள்.

நகைச்சுவையின் சூட்சுமம் அந்த இடைப்பட்ட படங்களில்தான் இருக்கிறது. பாயப்போகும் ஓநாய் முதலில் பின்னுக்குச் சாய்கிறது. அப்போது அடுத்தடுத்த படங்கள் நெருக்கமாக இருக்கும். அசைவு மெதுவாகத் தெரியும். பாய்ந்ததும் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே பெரிய தாவல், வேகம் பிறக்கிறது. நிற்கும்போது மீண்டும் நெருக்கம். எல்லா இடைவெளியையும் சமமாக வைத்துப் பாருங்கள்: ஓநாய்க்கு எடையே இருக்காது, வழுக்கிக்கொண்டு போகும். யாரும் சிரிக்க மாட்டார்கள்.

அந்தக் காலத்தில் படங்களைக் கண்ணாடிபோன்ற செல்லுலாய்டு தாளில் பிரதியெடுப்பார்கள். கோடு முன்பக்கம், வண்ணம் பின்பக்கம். அதனால் வண்ணம் கோட்டை மறைக்காது. பின்னணியைத் தனியாக ஒருமுறை தீட்டினால் போதும்; அதன்மேல் தாள்களை அடுக்கிப் படம்பிடிப்பார்கள். நீண்ட துரத்தலுக்கு அகலமான பின்னணியைச் சிறிது சிறிதாக நகர்த்தி, ஓநாயின் ஒரே காலடிச் சுற்றை, அதாவது சில எட்டுகளுக்கான படங்களை, திரும்பத் திரும்ப வைத்துப் படம்பிடிக்கலாம்.

இதில் ஒரு தொல்லை உண்டு. செல்லுலாய்டு முழுத் தெளிவானதல்ல. ஒவ்வொரு தாளும் கொஞ்சம் வெளிச்சத்தை விழுங்கும். ஓநாய் ஒரு தாளிலும் முயல் அதன் மேலுள்ள தாளிலும் இருக்கும் காட்சியில், முயல் ஓடிப்போனதும் முயலின் தாளை எடுத்துவிட்டால் ஓநாயின் நிறமும் பின்னணியும் சட்டென்று வெளுத்துவிடும். எனவே அந்த இடத்தில் ஒன்றுமே வரையாத வெற்றுத் தாளை வைப்பார்கள்.

ஒலியும் அப்போது தனி நாடாவில் பதிவாகும். தேவையான துண்டை வெட்டிப் படத்தோடு பிரேம் கணக்கில் பொருத்தலாம். ஓநாய்க்குக் குரல் கொடுத்த நடிகர் அனதோலி பாப்பானவ் 1987இல் இறந்தார். 1993இல் வந்த 17, 18ஆம் பாகங்களிலும் ஓநாய் அவர் குரலிலேயே கறுவியது, பழைய ஒலிப்பதிவுகளின் உதவியால்.