108.8-இல் பாடும் ‘பேய்’ நிலையம்

“சமூக மன்றத்தில் எஸ்டிஆர் (கணினி மென்பொருளால் இயங்கும் வானொலி) ஆர்வலர்கள் கூடியபோது, 108.8 மெகாஹெர்ட்ஸில் சிங்கப்பூரின் தமிழ் வானொலியான ‘ஒலி 96.8’-இன் பாட்டு கேட்டது. கூடவே சீனப் பேச்சு. பண்பலை 108-உடன் முடிகிறதே, அங்கே யார் ஒலிபரப்புகிறார்கள்?” என்கிறார் ஒரு வாசகர்.

யாரும் இல்லை. அது உங்கள் டாங்கிளுக்குள்ளேயே, அதாவது மடிக்கணினியில் செருகும் சிறு வானொலிப் பெட்டிக்குள்ளேயே, பிறந்த சத்தம்.

எஸ்டிஆரில் ஆன்டெனா அலைகளைப் பிடிக்கும், டியூனர் வேண்டிய அதிர்வெண்ணைப் பொறுக்கும், எண்ணாக்கி அதை எண்களாக்கும், மீதியெல்லாம் மடிக்கணினியில் கணக்கு. கோளாறு நடப்பது எண்களாவதற்கு முன்பு, டியூனரின் முதல் பெருக்கியில். சிங்கப்பூர் சிறிய தீவு. பண்பலை ஒலிபரப்பாகும் புக்கிட் பாத்தோக் கோபுரத்துக்கு வெகு தூரத்தில் எந்த வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கும் இல்லை. அவ்வளவு வலுவான அலைகள் நுழையும்போது பெருக்கியின் நேர்கோடு வளைகிறது, அதாவது உள்ளே வருவதற்குச் சரியான விகிதத்தில் வெளியே தர அதனால் முடிவதில்லை. அந்த வளைவில் ஒரு மும்மடி உறுப்பு உண்டு. அது மூன்று அலைகளை ஒன்றோடொன்று பெருக்கிவிடும். கொசைன்களைப் பெருக்கினால் அதிர்வெண்கள் கூடும், கழியும், பள்ளிக் கணிதம்தான்.

100.3-உம் 88.3-உம் இங்குள்ள வேறு இரு பண்பலை நிலையங்கள். 96.8 + 100.3 − 88.3 = 108.8.

இதைவிட அழகானது அடுத்தது. பண்பலையில் நிகழ்ச்சி அலையின் உயரத்தில் இல்லை, அதிர்வெண்ணின் ஆட்டத்தில் இருக்கிறது. ஆகவே அதிர்வெண்கள் கூடும்போது நிகழ்ச்சிகளும் கூடுகின்றன: 96.8-உம் 100.3-உம் அப்படியே, 88.3 தலைகீழாக. தலைகீழான ஒலியலையைக் காது கண்டுபிடிக்காது. அதனால்தான் மூன்றும் தெளிவாக, ஒரே நேரத்தில்! ஆட்டமும் கூடுவதால் 200 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் கரகரக்கும். மென்பொருளில் கேட்கும் அகலத்தைக் கூட்டிப் பாருங்கள்.

சோதிக்க ஒரு 10 டெசிபெல் தணிப்பான் (சிக்னலின் வலுவைக் குறைக்கும் சிறு துண்டு) போதும். கூட்டத்துக்கு ஒன்று இருந்தால் எல்லாரும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம். ஆன்டெனாவுக்கும் டாங்கிளுக்கும் இடையில் மாட்டுங்கள். உண்மையான சிக்னல் 10 டெசிபெல் இறங்கும். போலி, மூன்று அலைகளின் பெருக்கல் என்பதால், 30 வரை இறங்கும். அதுவும் 10 மட்டுமே இறங்கினால் அது டாங்கிளுக்கு வெளியே பிறந்தது. துருப்பிடித்த இணைப்புகளும் இதே வேலையைச் செய்யும். மென்பொருளில் கெயினை (பெருக்கத்தின் அளவை) குறைத்துச் சோதிப்பதில் இந்தத் தெளிவு கிடைக்காது. கெயின் டியூனரின் பல படிகளில் பரவியிருக்கிறது.

பண்பலையை வேகமாகத் துழாவும் பெட்டியை ‘ஆவிகளோடு பேசும் கருவி’ என்று விற்கிறார்களே, அந்த ஆவிகளுக்கும் ஒரு தணிப்பான் மாட்டிப் பார்க்கலாம்.

தீர்வு, 88 முதல் 108 வரை தடுக்கும் வடிகட்டி. வரிசை முக்கியம்: ஆன்டெனா, வடிகட்டி, அதன் பிறகே முன்பெருக்கி (டாங்கிளுக்கு முன் சிலர் மாட்டும் கூடுதல் பெருக்கி). மாற்றி மாட்டினால் போலிகள் முன்பெருக்கியிலேயே பிறந்துவிடும், பிறகு வடிகட்டி என்ன செய்யும்? தானியங்கி கெயினை அணையுங்கள். பல டாங்கிள்களில் உள்ள ஆர்820டி2 டியூனரில் 49.6 டெசிபெல் வரை ஏற்றலாம் என்பதற்காக ஏற்ற வேண்டாம். கீழிருந்து கூட்டி, இரைச்சல் மட்டம் லேசாக உயரும் இடத்தில் நிறுத்துங்கள். அதற்கு மேல் சிக்னலும் இரைச்சலும் சேர்ந்தே ஏறும், லாபமில்லை.

வடிகட்டி மாட்டிய டாங்கிளில் அசல் ஒலி 96.8-உம் மங்கிவிடும். பாட்டு வேண்டுமென்றால் கழற்றித்தான் ஆகவேண்டும்.