சிவப்பாக இருப்பதெல்லாம் ரத்தமாகாது

பாபநாசம் பக்கத்துக் கிராமமொன்றிலிருந்து, குறுவை நடவுக்குச் செல்லும் ஓர் அம்மா சென்ற வாரம் என்னிடம் வந்தார். மூன்று படி ஏறியதற்கே அவருக்கு மூச்சு இரைத்தது. ரேஷன் அட்டை உறைக்குள் மடித்து வைத்திருந்த பரிசோதனைத் தாளை எடுத்து நீட்டினார், ஹீமோகுளோபின் 6.2 கிராம். கீழ் இமையை இறக்கிப் பார்த்தால் உட்புறம் சோறு வடித்த கஞ்சியின் நிறத்தில் வெளுத்திருந்தது. நகங்கள் நடுவில் குழிந்து கரண்டி போலாகியிருந்தன. முற்றிய ரத்தசோகை. ரத்தம் ஊற என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன். "மூணு மாசமா தெனமும் பீட்ரூட் சாறு குடிக்கிறேன் டாக்டரம்மா" என்றார். இந்த மாதத்தில் இதே பதிலோடு வந்தவர்களில் இவர் ஐந்தாமவர்.

பீட்ரூட் நல்ல காய்தான். ஆனால் அதன் சிவப்பு பீட்டாலைன் என்னும் தாவர நிறமியால் வருவது. ரத்தத்தின் சிவப்போ இரும்பைத் தாங்கிய ஹீமோகுளோபினால் வருவது. நிறம் ஒன்றாகத் தெரிவதைத் தவிர இரண்டுக்கும் எந்த உறவும் இல்லை. 100 கிராம் பீட்ரூட்டில் 1 மில்லிகிராம் இரும்புகூடக் கிடையாது. மாதுளையில் அதனினும் குறைவு. சாம்பல் நிறக் கம்பில் 6 மில்லிகிராம் இருக்கிறது. ஈரலும் மீனும் தரும் இரும்பைக் குடல் இன்னும் எளிதாக ஏற்றுக்கொள்ளும். அன்றாடக் கூலியில் பாதியைச் சிவப்புப் பழங்களுக்குச் செலவழித்துவிட்டு, குறைந்த செலவில் முடியும் இரும்பு மாத்திரையைச் சூடு என்று ஒதுக்குபவர்களைப் பார்க்கும்போது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

உண்ட இரும்பையும் நாமே தடுத்துவிடுகிறோம். வரப்பில் அமர்ந்து சோறு உண்டு கை கழுவியவுடன் தூக்குவாளியில் டீ வந்துவிடுகிறது. சாப்பாட்டோடு குடிக்கும் டீ, தானியத்திலும் கீரையிலும் உள்ள இரும்பில் பாதிக்கு மேல் உடலில் சேராமல் செய்துவிடும்; காப்பியும் ஓரளவு அப்படித்தான். டீயை விடச் சொல்லவில்லை, ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள் என்றுதான் கேட்கிறேன். முருங்கைக் கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேரட்டும், அவற்றின் வைட்டமின் சி இரும்பு உடலில் சேர உதவும். ரேஷன் அரிசியில் வேறு மாதிரியான மணிகள் கலந்திருந்தால், அது பிளாஸ்டிக் அரிசி அல்ல. இரும்பும் ஃபோலிக் அமிலமும் பி12-உம் சேர்த்துச் செய்த செறிவூட்டிய அரிசி. முறத்தில் புடைத்து, அதைத் தேடித் தேடிப் பொறுக்கி எறியும் தாய்மார்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், எறியாதீர்கள்.

இரும்பு உண்டும் ரத்தம் ஏறாதவர்கள் வேறு வகையினர். மூன்று வேளையும் வெள்ளைச் சோறு, மாலையில் திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெயில் பொரித்த பஜ்ஜி, வயிற்றைச் சுற்றிச் சேர்ந்த கொழுப்பு என்று ஆண்டுகள் கழிந்தால் உடலுக்குள் மெல்லிய அழற்சி ஓயாமல் நடந்துகொண்டிருக்கும். அப்போது வெள்ளையணுக்களும், அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. என்னும் புரதத்தின் அளவும் சற்றே உயர்ந்திருக்கும். கல்லீரல் சுரக்கும் ஹெப்சிடின் என்னும் ஹார்மோன், குடலிலிருந்து இரும்பு ஏறும் வழியை அடைத்து, சேமிப்பில் உள்ளதையும் பூட்டி வைக்கும். இவர்களுக்கு, இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவு இயல்பாகத் தெரிவதாலேயே இரும்புக் குறைவில்லை என்று முடிவுகட்டிவிடக் கூடாது. மூட்டுவாதத்திலும் காசநோயிலும் இதே பூட்டு இன்னும் இறுக்கமாக விழும். மஞ்சள் பால் அதைத் திறக்காது.

சைவ உணவுக்காரர்களும், சர்க்கரைக்குப் பல ஆண்டுகள் மெட்ஃபார்மின் மாத்திரை எடுப்பவர்களும் பி12 அளவைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அது குறைந்தால் சிவப்பணுக்கள் அளவில் பெருத்து எண்ணிக்கையில் குறையும். முற்றினால் வெள்ளையணுக்களும், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களும் சேர்ந்தே இறங்கும்.

அந்த அம்மாவிடம் மெல்லக் கேட்டபோதுதான், மாதந்தோறும் பத்து நாள் உதிரப்போக்கு இருப்பதை, அதுவும் இரண்டு ஆண்டுகளாக, வீட்டில்கூடச் சொல்லாததைச் சொன்னார். ஓட்டைப் பானையில் எதை ஊற்றி நிறைப்பது? ஸ்கேனுக்கு அனுப்பியிருக்கிறேன். செருப்பில்லாமல் மண்ணில் நடப்பவர்களுக்குக் குடலில் ரத்தம் உறிஞ்சும் கொக்கிப்புழுவும் இருக்கலாம். ஐம்பது வயதைக் கடந்த ஆணுக்கு இரும்பு குறைந்தால் வயிற்றிலோ குடலிலோ ரத்தக் கசிவு இருக்கிறதா என்று பார்க்காமல் விடக் கூடாது. ஹீமோகுளோபின் சரியாக உருவாகாத பரம்பரை நோயான தாலசீமியா உள்ள குடும்பத்தினர் தாமாக இரும்பு மாத்திரை தொடங்கக் கூடாது.

மாத்திரை தொடங்கியதும் மலம் கறுப்பாகப் போகும். அது மருந்தின் நிறம்தான், பயந்து நிறுத்தாதீர்கள். ஹீமோகுளோபின் இயல்புக்கு வந்த பிறகும் சேமிப்பு நிரம்ப இன்னும் மூன்று மாதம் சாப்பிட வேண்டும். அடுத்த முறை வரும்போது பழைய தாள்கள் அனைத்தையும் கொண்டுவாருங்கள்.