விசை: பொருளும் பிறப்பும், சக்தியோடு நேரும் குழப்பமும்

ஒரு பொருளின் வேகத்தையோ அது போகும் திசையையோ மாற்றுகிற, அல்லது மாற்றப் பார்க்கிற தள்ளலும் இழுப்பும்தான் இயற்பியலில் விசை. 1 கிலோ நிறையுள்ள பொருளின் வேகம் ஒவ்வொரு விநாடியும் விநாடிக்கு 1 மீட்டர் வீதம் கூடிக்கொண்டே போனால், அதன்மேல் 1 நியூட்டன் விசை செயல்படுகிறது. 'செயல்படுகிறது' என்ற வினையைக் கவனிக்க வேண்டும். விசை என்பது ஒரு பொருள் இன்னொரு பொருளுக்குச் செய்வது. பொருளுக்குள் சேர்த்து வைக்கிற சரக்கு இல்லை. பறந்துபோகும் பந்தைக் காட்டி "இதில் எவ்வளவு விசை இருக்கிறது?" என்று கேட்டால் அதற்கு விடையே கிடையாது. எவ்வளவு உந்தம் (நிறையை வேகத்தால் பெருக்கி வருவது), எவ்வளவு ஆற்றல் என்று கேட்டால் உண்டு.

சொல் மிகப் பழையது. வேகம், துள்ளல், வளைத்துவிட்டது திமிறி நிமிரும் தன்மை, பொறி என்று பல பொருள்கள் இதற்கு உண்டு. "ஒரு விசை போய்ப் பார்" என்றால் ஒரு தடவை என்று பொருள். அழுத்தினால் இயங்கும் பொறி என்ற பொருளில்தான் துப்பாக்கியின் விசையும் விசைப்பலகையும் வந்தன. எந்திரத்தால் இயங்குவது என்ற பொருளில் விசைத்தறி, விசைப்படகு.

கலித்தொகையின் 41ஆம் பாட்டில் 'கடுவிசைக் கவணை' என்றொரு தொடர் வருகிறது. இடிமழை பெய்த நள்ளிரவு. தினைப்புனத்தில் யானை நடக்கும் ஓசை கானவனுக்குக் கேட்கிறது. ஆசினி என்ற ஒரு வகைப் பலா மரத்துப் பரண்மேல் ஏறிக் கவணால் ஒரு கல்லை விடுகிறான். அந்தக் கல் வேங்கைப் பூக்களைச் சிதறடிக்கிறது, கனிந்த ஆசினிப் பழங்களை உதிர்க்கிறது, தேனடையைத் துளைக்கிறது, மாங்கொத்தை உழக்குகிறது, வாழை மடலைக் கிழிக்கிறது, கடைசியில் ஒரு பலாப்பழத்துக்குள் போய்த் தங்கிவிடுகிறது.

இயக்கவியல் நடத்தும் ஆசிரியர்கள் இந்தப் பாட்டை வகுப்பில் எடுக்க வேண்டும் என்பது என் ஆசை. புலவர் 'கடுவிசை' என்ற அடையைக் கவணுக்குத்தான் கொடுத்திருக்கிறார், கல்லுக்கு அல்ல. இன்றைய இயற்பியலும் அதையே சொல்லும். கவண் சுழலும்போது அது கல்லின்மேல் விசை செலுத்துகிறது. கல் கவணைவிட்ட நொடியோடு அந்த விசை முடிந்துபோயிற்று. அதன்பிறகு கல்லின்மேல் இருப்பவை கீழே இழுக்கும் புவியீர்ப்பும் எதிரே தடுக்கும் காற்றும்தான். கல் தன்னோடு கொண்டுபோவது இயக்க ஆற்றலை. பூ, பழம், தேனடை, மாங்கொத்து, வாழை என்று ஒவ்வொன்றும் கல்லின் ஓட்டத்துக்கு எதிராக ஒரு விசையைச் செலுத்தி அந்த ஆற்றலில் கொஞ்சம் பறிக்கிறது. மிச்சத்தைப் பலாப்பழம் வாங்கிக்கொள்கிறது.

ஆங்கில 'ஃபோர்ஸ்' என்ற சொல்லுக்கு மூலம், வலிமையான என்று பொருள்படும் 'ஃபோர்டிஸ்' என்ற லத்தீன் சொல். ஆனால் நியூட்டன் 1687இல் வெளியிட்ட பிரின்கிபியா நூலை லத்தீனிலேயே எழுதினார். அங்கே அவர் ஆண்ட சொல் 'விஸ்'. ஒலி இவ்வளவு நெருக்கமாக இருப்பதால் 'விஸ்' தமிழ் விசையிலிருந்து போனது என்று சொல்லத் தோன்றும். சொல்லக் கூடாது. லத்தீன் சொல்லுக்கு அதன் மொழிக்குடும்பத்திலேயே உறவுகள் உண்டு, நம் சொல்லுக்குத் திராவிட மொழிகளில் உறவுகள் உண்டு. இரண்டும் தற்செயலாக ஒத்திருக்கின்றன, அவ்வளவுதான். விசைக்குப் பழமை வேண்டுமென்றால் கலித்தொகையே போதும்.

பிரின்கிபியாவின் தொடக்கத்தில், வெளியிலிருந்து செலுத்தப்படும் விசையை வரையறுக்கும் இடத்தில், அது செயலில் மட்டுமே இருக்கிறது, செயல் முடிந்தபின் பொருளில் தங்குவதில்லை என்று நியூட்டன் தெளிவாக எழுதியிருக்கிறார். ஆனால் அவரே, பொருள் தன் நிலையில் நீடிக்கும் இயல்பான நிலைமத்தையும் ஒரு 'விஸ்' என்றே குறித்தார். ஜெர்மன் அறிஞர் லைப்னிஸ், நிறையை வேகத்தின் இருமடியால் பெருக்கி வருவதை 'உயிருள்ள விசை' என்றார். அதில் பாதிதான் நாம் இன்று சொல்லும் இயக்க ஆற்றல். 1847இல்கூட ஜெர்மன் அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஆற்றல் அழிவின்மை பற்றிய தன் கட்டுரைக்கு, ஜெர்மன் மொழியில் விசையைக் குறிக்கும் 'கிராஃப்ட்' என்ற சொல்லை வைத்தே தலைப்பிட்டார். ஆக, விசையும் ஆற்றலும் பிரிந்து நிற்பதற்கு ஐரோப்பாவிலேயே நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் பிடித்திருக்கிறது.

நம்மிடம் அந்தக் குழப்பம் 'புவியீர்ப்பு சக்தி' என்ற தொடராக இன்னும் நடமாடுகிறது. முன்பு 'ஆகர்ஷண சக்தி' என்று எழுதினார்கள். ஆகர்ஷணம் ஈர்ப்பு ஆயிற்று. சக்தி மட்டும் அப்படியே தங்கிவிட்டது. சக்தி என்பது ஆற்றலுக்கு வழங்கும் சொல். பூமி பழத்தை இழுப்பதோ விசை, எனவே 'புவியீர்ப்பு விசை' என்பதுதான் சரி. வெறுமனே 'புவியீர்ப்பு' என்றாலும் போதும். இது சின்னத் திருத்தம்போலத் தெரியும். ஆனால் சக்தி என்றதுமே ஓர் இடத்தில் இருக்கும், இன்னோர் இடத்தில் தீர்ந்துபோகும் என்ற நினைப்பு வந்துவிடுகிறது. "விண்வெளியில் புவியீர்ப்பு சக்தி கிடையாது" என்று பலரும் நம்புவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். பன்னாட்டு விண்வெளி நிலையம் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. அங்கே புவியீர்ப்பு தரையில் உள்ளதில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு இருக்கிறது. உள்ளே இருப்பவர்கள் மிதப்பது, நிலையமும் அவர்களும் ஒன்றாகவே விழுந்துகொண்டிருப்பதால்.

அப்புறம் 'வேலை'. 1829இல் பிரெஞ்சுக்காரரான கொரியோலிஸ் இதற்கு இயற்பியல் பொருளை உறுதியாக்கினார்: விசையையும், அந்த விசையின் திசையில் பொருள் நகர்ந்த தொலைவையும் பெருக்கினால் வருவது வேலை. 10 கிலோ அரிசி மூட்டையை 1 மீட்டர் உயரத்துக்குத் தூக்கினால் 98 ஜூல் வேலை. வேலைக்கும் ஆற்றலுக்கும் ஜூல்தான் அலகு. தூக்கியதை அப்படியே பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் நின்றால், கை எவ்வளவு கடுத்தாலும், மூட்டையின்மேல் செய்த வேலை சுழி. வட்டப் பாதையில் சுற்றும் செயற்கைக்கோளின்மேல் புவியீர்ப்பு செய்யும் வேலையும் சுழிதான். இழுப்பு ஒரு திசையில், நகர்வு அதற்குச் செங்குத்தாக.

விசை, வேலை, ஆற்றல் மூன்றையும் ஒரே இடத்தில் பார்க்கக் கிரிக்கெட் பந்து நல்லது. 160 கிராம் பந்து விநாடிக்கு 30 மீட்டர் வேகத்தில் வந்தால் அதன் இயக்க ஆற்றல் 72 ஜூல். பிடிப்பவர் அத்தனையையும் வாங்கியாக வேண்டும், அதாவது பந்தை நிறுத்த அவர் கை 72 ஜூல் அளவு வேலை செய்தாக வேண்டும். கையை விறைப்பாக வைத்து 10 சென்டிமீட்டருக்குள் பந்தை நிறுத்தினால் சராசரி விசை 720 நியூட்டன். ஓர் ஆளின் எடை அளவு. கையைப் பின்னால் இழுத்து 40 சென்டிமீட்டரில் நிறுத்தினால் 180 நியூட்டன்தான். ஆற்றல் அதேதான், வேலையும் அதேதான், விசை மட்டும் கால் பங்காகிவிட்டது. "சக்தி குறைந்தது" என்று சொன்னால் இந்தக் கணக்கில் எது குறைந்தது என்றே தெரியாது.

தமிழ்நாட்டுப் பாடநூல்களில் ஆற்றல் வேறு, ஆற்றல் செலவாகும் வீதத்தைக் குறிக்கும் திறன் வேறு. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் ஆற்றலுக்குச் சக்தி என்றும் திறனுக்கு வலு என்றும் பெயர். அங்கே சக்தி வரையறுத்த கலைச்சொல், ஜூலில் அளப்பது. அதனால் அங்கேயும் புவி இழுப்பதைச் சக்தி என்று சொல்ல முடியாது. வேகம் மாறும் வீதமான முடுக்கத்தை அங்கே ஆர்முடுகல் என்கிறார்கள், அழகான சொல். 'நிறை' என்ற சொல்லில்தான் எச்சரிக்கை வேண்டும்: இங்கே அது கிலோகிராமில் அளப்பது, அங்கே அதற்குத் திணிவு என்று பெயர், நிறை என்பது நாம் எடை என்று சொல்லும் விசை. "பொருளின் நிறை 98 நியூட்டன்" என்ற வாக்கியம் யாழ்ப்பாணத்தில் சரி, மதுரையில் தவறு. விசை, வேலை, உந்தம் மூன்றும் இரு நாட்டிலும் ஒன்றுதான். இரு பக்கத்து மாணவர்களும் படிக்க எழுதுகிறவர்கள், நிறை வரும் இடத்தில் மட்டும் கிலோகிராமா நியூட்டனா என்று அலகைச் சேர்த்தே எழுதிவிடுவது நல்லது.