பதினான்கு பீட்டுகளும் ஒரு குரலும்

சிங்கப்பூரின் தை செங் பகுதியில், தொழிற்கூடக் கட்டடம் ஒன்றின் மேல்மாடியில் ஒலிக்கலவைப் பொறியாளராக வேலை பார்க்கிறேன். புதிதாகப் பாட வரும் இளைஞர்களைவிட, இருபது ஆண்டுகள் ராப் பாடிவிட்டு இடைவெளிக்குப் பின் திரும்பி வரும் மூத்தவர்களின் ஆல்பங்களே எனக்கு அதிகக் கவலை தருகின்றன. அப்படி வந்த ஒருவர், வயது நாற்பத்தைந்தைக் கடந்தவர், வேலை முடிந்து இரவு ஒன்பது மணிக்கு வந்து பதினான்கு பீட்டுகளை, அதாவது ராப் வரிகளுக்குப் பின்னணியாக ஒலிக்கும் தாள இசைகளை, என்னிடம் கொடுத்தார். ஒன்பது பேரிடமிருந்து இணையத்தில் வாங்கியவை அவை. தனித்தனியே கேட்டால் ஒவ்வொன்றும் நன்றாகவே இருந்தது. வரிசையாகக் கேட்டபோதோ, ஒன்பது பேரின் இரவல் சட்டைகளை ஒருவரே மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு நிற்பதைப் போலிருந்தது.

தமிழில் தயாரிப்பாளர் என்றால் படத்துக்குப் பணம் போடுபவர்தான் நினைவுக்கு வருவார் என்பதால், பீட் அமைத்து ஆல்பத்தை வழிநடத்துபவரை இங்கே புரொடியூசர் என்றே எழுதுகிறேன். தாளத்தையும், பேஸ் எனும் கனத்த அடியொலியையும், சாம்பிள் எனும் பழைய பதிவின் துணுக்கையும் கட்டுவது அவர் வேலையில் பாதிதான். "இந்த வரி வேண்டாம், மறுபடியும் பாடுங்கள்" என்று சொல்வது மறுபாதி. இணையத்தில் வாங்கிய பீட் அப்படி எதிர்த்துப் பேசாது. மூத்தவர்களைச் சுற்றியிருப்போரும் மரியாதை கருதிப் பேசுவதில்லை.

நியூயார்க் ராப்பர் நாஸின் பயணம் இதற்குத் தெளிவான சான்று. 1994இல் வெளிவந்த அவருடைய முதல் ஆல்பத்தில் பீட் ராக், கியூ-டிப், டிஜே பிரீமியர், லார்ஜ் புரொஃபசர் எனப் பலர் பீட் அமைத்திருந்தும் அது சிதறவில்லை. அவர்கள் அனைவரும் பழைய இசைத்தட்டுகளிலிருந்து தாளத்தை வெட்டியெடுத்துக் கட்டும் ஒரே பழக்கத்தைப் பின்பற்றியவர்கள். பிந்தைய ஆண்டுகளில், வரிகள் கூர்மை, பீட் தேர்வுதான் சரியில்லை என்ற குறை அவரை விடாமல் தொடர்ந்தது. 2020இல், தம்மைவிடப் பதினான்கு வயது இளையவரான ஹிட்-பாயுடன் அவர் சேர்ந்தார். 2023க்குள் இருவரும் ஆறு ஆல்பங்கள் வெளியிட்டார்கள். அவற்றுள் முதலாவதே நாஸுக்கு முதல் கிராமி விருதைத் தந்தது. நாற்பத்தேழு வயதில் இன்னொரு ராப்பர் ஜே-ஸி 2017இல் வெளியிட்ட ஆல்பத்தையும் நோ ஐ.டி. என்ற ஒரே புரொடியூசரே நடத்திச் சென்றார்.

தமிழில் பாடுவோருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. நிமிடத்திற்கு 140 தட்டுகள் எனக் கணக்கிடப்படும் ட்ராப் வகை ராப் பீட்டில் ஹை-ஹாட் எனும் சிறு தாளத்தட்டு பொடிப்பொடியாக ஓடும்; அதைப் பிடிக்க நாக்கும் ஓடும். "போய்க்கொண்டிருக்கிறேன்" என்ற ஒரே வினைச்சொல் பாதி அடியை விழுங்கிவிடும் மொழி நம்முடையது. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. ஓட்டத்தில் நெடில் சுருங்கினால் "பாடம்" படமாகும், "கால்" கல்லாகும். வந்தவரின் பதிவில் இவை இரண்டும் நடந்திருந்தன. வயதோடு கனத்த அவருடைய குரல் நிற்கும் இடத்தையே 808 எனப்படும் மின்னணுத் தாளக் கருவியின் நீண்ட பேஸும், நம் ஊர் அடையாளத்துக்காகச் சேர்த்த உறுமியும் அடைத்துக்கொண்டன. (உறுமி எனக்குப் பிடிக்கும், ஆனால் அதன் இழுவையும் 808இன் இழுவையும் ஒரே அடியில் வந்தால் இரண்டுமே கேட்காது.) தாளத்தை 88க்கு இறக்கிப் பாடச் சொன்னபோது மூச்சுக்கு இடம் கிடைத்தது, அவர் எழுதியிருந்த எதுகைகள் ஸ்னேர் முரசின் தட்டின்மேல் போய் உட்கார்ந்தன.

உரிமக் காகிதத்தையும் கவனிக்க வேண்டும். குறைந்த விலைக்குக் கிடைக்கும், பீட்டைப் பயன்படுத்த மட்டும் அனுமதிக்கும் லீஸ் உரிமம் பொதுவாகத் தனியுரிமை தருவதில்லை. அவர் வாங்கியிருந்தவற்றுள் இரண்டு ஏற்கெனவே வேறொருவர் பாட்டாக வெளிவந்துவிட்டன. பெரும்பாலானவை ஒரே கோப்பாக வந்ததால், ஹை-ஹாட்டை மட்டும் குறைக்க எனக்கு வழியில்லை. ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனி ஒலிக்கோப்பு, அதாவது ஸ்டெம், கேட்டு வாங்குங்கள். பீட்டுக்குள் இருக்கும் சாம்பிளுக்கான அனுமதி, பீட்டை வாங்கியதால் மட்டும் உங்களுக்கு வந்துவிடாது. சிங்கப்பூரில் 2021 நவம்பர் 21 அன்று நடப்புக்கு வந்த காப்புரிமைச் சட்டத்தின்படி, காசு கொடுத்து ஒலிப்பதிவு ஒன்றைச் செய்யச் சொன்னாலும், ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதப்படாவிட்டால் அதன் உரிமை உருவாக்கியவருக்கே சேரும். பீட் அமைத்தவர் இணை இசையமைப்பாளராகவும் கருதப்படக்கூடும் என்பதால், சிங்கப்பூர் இசையமைப்பாளர், பாடலாசிரியர்களின் உரிமைச் சங்கமான காம்பஸில் பாடலைப் பதியும் முன்பே பங்கு விகிதத்தை எழுதி இருவரும் கையெழுத்திடுவது நல்லது.

பின்னர் அவர் உட்லண்ட்ஸில் வசிக்கும் இருபத்தாறு வயது புரொடியூசர் ஒருவரோடு வேலை செய்தார். முதல் நாளே அந்தப் பையன், "அண்ணே, இதுல நீங்க பாடல, பீட்டைத் துரத்துறீங்க" என்று சொன்னபோது நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அண்ணனோ சிரித்துவிட்டார். பீட்டே இல்லாமல் வரிகளைப் பேசச் சொல்லிப் பதிவுசெய்து, அந்தப் பேச்சின் அழுத்தங்களைப் பின்பற்றிக் கிக் எனும் கனத்த முரசடியை வைத்துக்கொண்டே போனார் இளைஞர். ஒன்பது பாடல்கள் தேறின. பழைய பதினான்கிலிருந்து ஒன்றே ஒன்று மிஞ்சியது. அதை அமைத்தவர் மட்டும்தான் கேட்டவுடன் ஸ்டெம்களை அனுப்பிவைத்தார்.